இரவு முழுவதும் தாங்கும் டயப்பர்: வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் பிரிவுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



செயலாளர் என்னிடம் "என்ன தலைப்பில் பேசப் போகிறீர்கள்?" என்று கேட்டபோது, "பெரியவர்களுக்கான இரவு டயப்பர்" என்றேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அறிவிப்புப் பலகையில் 'முதியோர் நலம்' என்று போட்டுக்கொள்ளட்டுமா?" என்றார். அவர்மேல் தவறில்லை. நம் வீடுகளில் சர்க்கரை அளவைச் சத்தமாகச் சொல்கிறோம். பைபாஸ் செய்த தழும்பைக்கூடக் காட்டுகிறோம். இரவில் படுக்கை நனைகிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. மருந்துக் கடையில்கூடப் பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "பெரியவங்க பேம்பர்ஸ் ஒரு பாக்கெட்" என்று தாழ்ந்த குரலில் கேட்கிறோம். கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கறுப்புப் பையில் சுற்றித் தருகிறார். வெட்கத்தில் வாங்கும் பொருளை யாரும் ஆராய்ந்து வாங்குவதில்லை. நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

நான் மருத்துவன் அல்ல. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கவுன்டரில் உட்கார்ந்தவன். என் தாயாரின் கடைசி மூன்று ஆண்டுகளில் அவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். அந்த அனுபவத்தோடு, விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், இது அளந்து வாங்க வேண்டிய பொருள். பிராண்டு பெயர் எதையும் சொல்ல மாட்டேன். அது உங்கள் விருப்பம்.

முதலில் மருத்துவர், பிறகு கடை

சிறுநீர்க் கசிவு என்பது ஒரு நோயின் பெயர் அல்ல, அது ஓர் அறிகுறி. ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர்ப்பை காலியாகாமலே இருந்து, நிரம்பி வழிகிற பானை போலச் சொட்டலாம். அதைக் கசிவு என்று நினைத்து டயப்பர் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால், உள்ளே தேங்கிய நீர் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமை, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு ஆகியவற்றாலும் இரவுச் சிறுநீர் கூடும். கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்த ஓட்டத்தில் சேர்ந்து இரவில் சிறுநீராக வெளியேறும்.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு நாளின் மொத்தச் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் வெளியேறினால், அதை இரவுநேர மிகைச் சிறுநீர் என்று மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். அதற்குக் காரணம் தேடுவார்கள். பல காரணங்களுக்குச் சிகிச்சை உண்டு. எனவே டயப்பர் தேவையா, எவ்வளவு காலத்துக்கு என்பதை மருத்துவரிடம் கேட்ட பிறகு கடைக்குப் போங்கள். திடீரென்று ஆரம்பித்த கசிவு, எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், வயிறு உப்பி நீர் பிரியாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதம் கூடாது.

எவ்வளவு நனைகிறது? எடை போட்டுப் பாருங்கள்

கடைக்குப் போனதும் நாம் கேட்கும் முதல் கேள்வி "நல்லதா எது இருக்கு?" என்பது. அதற்கு முன்பு நமக்கே தெரிய வேண்டியது, நம் வீட்டில் உள்ளவருக்கு ஓர் இரவில் எத்தனை மில்லிலிட்டர் போகிறது என்பது. அதைத் தெரிந்துகொள்வது மிகவும் எளிது. மளிகைச் சாமான் நிறுக்கும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிக்கொள்ளுங்கள். இரவு போடுவதற்கு முன் புது டயப்பரை எடை போட்டுக் குறியுங்கள். காலையில் கழற்றியதைப் பாலித்தீன் பையில் போட்டு மீண்டும் எடை பாருங்கள். வித்தியாசம் எத்தனை கிராமோ ஏறத்தாழ அத்தனை மில்லிலிட்டர். வங்கி மொழியில் சொன்னால் ஆரம்ப இருப்பு, முடிவு இருப்பு, அவ்வளவுதான். அண்டர்பேட் அதாவது படுக்கை விரிப்பு நனைந்திருந்தால் அதையும் சேர்த்து நிறுக்க வேண்டும். இடையில் எழுந்து கழிவறைக்குப் போனால் அதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் தாயாருக்கு ஏழு இரவுகள் இப்படி நோட்டில் எழுதினேன். குறைந்தது 390, கூடியது 710. இதில் சராசரி பார்க்கக் கூடாது. சராசரிக்கு வாங்கினால் வாரத்தில் மூன்று நாள் படுக்கை நனையும். கூடிய அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நோட்டினால் இன்னொரு நன்மையும் விளைந்தது. அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது அதையும் எடுத்துச் சென்றேன். அவர் மாத்திரைச் சீட்டையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கால் வீக்கத்துக்கான, நீர் பிரிக்கும் மாத்திரையை மாலையிலிருந்து காலைக்கு மாற்றினார். பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடை போட்டபோது கூடிய அளவு 480-ஆகக் குறைந்திருந்தது. எங்களுக்குத் தேவைப்பட்ட டயப்பரின் தரமும் விலையும் ஒரு படி இறங்கின. மாத்திரை நேரத்தை நாமாக மாற்றக் கூடாது. ஆனால் மாற்ற வேண்டுமா என்று மருத்துவர் தீர்மானிக்க, நாம் கொண்டுபோகும் நாலு எண்கள் உதவும்.

பாக்கெட்டில் போட்டிருப்பதை எப்படிப் படிப்பது?

பல பாக்கெட்டுகளில் "10 மணி நேரம் வரை", "இரவு முழுவதும்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். மணி நேரம் என்பது உறிஞ்சும் அளவு அல்ல. யாருடைய சிறுநீர், எவ்வளவு என்று தெரியாமல் மணிக்கணக்கு சொல்வது, தொகையைச் சொல்லாமல் வட்டியைச் சொல்வது போன்றது. சில பாக்கெட்டுகளில் நீர்த்துளிப் படங்கள் இருக்கும். அதை ஒரே கம்பெனியின் ரகங்களுக்குள் ஒப்பிடலாம், இரண்டு கம்பெனிகளுக்கு இடையே ஒப்பிட முடியாது. மில்லிலிட்டர் போட்டிருந்தால் அதுதான் உருப்படியான தகவல். இல்லையென்றால் பாக்கெட்டில் உள்ள வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேளுங்கள்.

அந்த மில்லிலிட்டரையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஐஎஸ்ஓ 11948-1 என்ற, 1996-இல் வந்த, சோதனை முறை ஒன்று இருக்கிறது. டயப்பரை முழுவதும் திரவத்தில் முக்கி, வடியவிட்டு, எவ்வளவு பிடித்திருக்கிறது என்று நிறுக்கும் முறை அது. உடம்பில் போட்டிருக்கும்போது டயப்பர் முழுவதும் ஒரே சீராக நனையாது. முன்பக்கமோ பின்பக்கமோ மட்டும் நனையும். மேலே உடல் எடை வேறு அழுத்தும். எனவே ஆய்வகத்தில் பிடித்த அளவு படுக்கையில் பிடிக்காது. நகைக் கடனில் நகையின் முழு மதிப்புக்கும் வங்கி கடன் தருவதில்லை அல்லவா? மார்ஜின் பிடிப்போம். இங்கும் பாக்கெட்டில் உள்ள அளவில் பாதியை மட்டும் நம்புங்கள். உங்கள் நோட்டில் கூடிய அளவு 700 என்றால், 1,400 அல்லது அதற்கு மேல் போட்டிருக்கும் ரகத்தைத் தேடுங்கள்.

உள்ளே இருப்பது என்ன? மரக்கூழ்ப் பஞ்சும், அதனோடு கலந்த சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற வெள்ளைத் துகளும். இந்தத் துகள்தான் நீரைக் குடித்து ஜெல்லாக மாறுகிறது. வெறும் தண்ணீரைத் தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும். சிறுநீரில் உப்பு இருப்பதால் அந்த மடங்கு வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே, குழாய்த் தண்ணீரை ஊற்றிக் காட்டும் விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வீட்டில் சோதிக்க விரும்பினால் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் சமையல் உப்பு, அதாவது சுமார் ஒன்றரைத் தேக்கரண்டி, கரைத்துக்கொள்ளுங்கள். 300 மில்லியை அரை நிமிடத்துக்குள் ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து மேலே ஒரு டிஷ்யூ காகிதத்தை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். பிறகு இன்னொரு 300 மில்லி. இரண்டாவது முறையும் காகிதம் பெரிதாக நனையாமல் இருந்தால் அது இரவுக்கு ஏற்ற ரகம்.

அரை நிமிடம் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. சிலருக்குச் சொட்டுச் சொட்டாகக் கசியும். சிலருக்கு ஒரே மூச்சில் முழுப் பையும் காலியாகும். இரண்டாவது வகையினருக்கு மொத்த அளவு மட்டும் போதாது, உறிஞ்சும் வேகமும் வேண்டும். உறிஞ்சுவதற்குள் நீர் ஓடி வெளியேறாமல் தடுக்க, தொடையோரம் இரண்டு பக்கமும் எழுந்து நிற்கும் தடுப்பு மடிப்புகள் உயரமாக இருக்க வேண்டும். பாக்கெட்டில் 'லீக் கார்டு' என்று போட்டிருப்பது இதைத்தான்.

முதியோர் டயப்பருக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தனித் தரநிலையும் உண்டு. ஐஎஸ் 17508 என்பது அதன் எண். பாக்கெட்டில் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

டேப் வகையா, பேன்ட் வகையா?

எழுந்து நடப்பவர், தானே கழிவறைக்குப் போகக்கூடியவர் என்றால் உள்ளாடை போல இழுத்துப் போடும் பேன்ட் வகை. படுத்த படுக்கையாக இருப்பவர், புரட்டித்தான் மாற்ற வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் வகை. படுத்திருப்பவருக்குப் பேன்ட் வகை போட்டால் ஒவ்வொரு முறையும் இரண்டு காலையும் தூக்கி நுழைக்க வேண்டும். பார்த்துக்கொள்பவரின் இடுப்பு போய்விடும். மேலும் டேப் வகையில்தான் அதிகம் உறிஞ்சும் ரகங்கள் பொதுவாகக் கிடைக்கின்றன.

ஒன்று போதவில்லை என்று ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு டயப்பர் போடுகிறவர்கள் உண்டு. பயனில்லை. உள் டயப்பரின் வெளிப்புறம் நீர் புகாத பொருள். நிரம்பினால் நீர் அடுத்ததற்குள் போகாது, பக்கவாட்டில்தான் வழியும். இதற்கென்றே 'பூஸ்டர் பேட்' என்று உள்ளே வைக்கும் பட்டை கிடைக்கிறது. அதன் அடியில் தடுப்பு கிடையாது என்பதால், அது நிரம்பியதும் நீர் கீழே உள்ள டயப்பருக்குள் இறங்கும். வாங்கும்போது அடிப்பக்கம் பிளாஸ்டிக் இல்லாததுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

வெளிப்புறம் துணி போன்று காற்றுப் போகக்கூடியதாக இருந்தால் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு நல்லது. முழுக்கப் பிளாஸ்டிக் என்றால் விலை குறையலாம், ஆனால் மே மாதத்தில் மின்சாரம் போனால் போட்டிருப்பவர் பாடு திண்டாட்டம்.

அளவு: பெரிதாக இருந்தால் நல்லது என்பது உண்மையல்ல

தையற்காரர் டேப்பால் தொப்புளைச் சுற்றி இடுப்பையும், பின்புறத்தின் அகலமான பகுதியையும் அளந்து, இரண்டில் எது பெரிதோ அதைப் பாக்கெட்டில் உள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒரு கம்பெனியின் 'மீடியம்' இன்னொரு கம்பெனியின் 'லார்ஜ்' ஆக இருக்கலாம். எழுத்தைப் பார்க்காமல் அங்குலத்தைப் பாருங்கள். பெரிய சைஸ் வாங்கினால் அதிகம் உறிஞ்சும் என்று நினைத்து வாங்குவார்கள். தொடையோரம் ஒரு விரல் இடைவெளி இருந்தால், எவ்வளவு உறிஞ்சும் டயப்பரும் ஓட்டைக் குடம்தான். சிறியதாக இருந்தால் தோல் அறுபடும்.

முதலில் மொத்தமாக வாங்காதீர்கள். இரண்டு மூன்று ரகத்தில் சிறிய பாக்கெட் வாங்கி, ஒவ்வொன்றையும் மூன்று இரவு பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு

இந்தப் பகுதியைப் பெற்றோர்கள் கவனமாகக் கேளுங்கள். இது முதியோர் பிரச்சினை மட்டும் அல்ல. பதினைந்து வயதுக்கு மேலும் நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ உறக்கத்தில் சிறுநீர் போகும் பழக்கம் தொடர்கிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பெரும்பாலும் இது குடும்பவழி வருவது. சோம்பேறித்தனமோ திமிரோ அல்ல. ஆழ்ந்த உறக்கத்தில் நடப்பதற்குத் திட்டி என்ன பயன்? உடலசைவுக் குறைபாடு, முதுகுத்தண்டுப் பிறவிக் குறைபாடு, அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் வளர வளரக் குழந்தை டயப்பர் சைஸ் போதாமல் போய், என்ன வாங்குவது என்று பெற்றோர் தவிப்பார்கள்.

எங்கள் உறவில் ஒரு பெண், பத்தாம் வகுப்பு. பள்ளிச் சுற்றுலாவுக்கு எல்லோரும் கிளம்ப, இவள் மட்டும் "எனக்கு ஊட்டி பிடிக்காது" என்று சொல்லிவிட்டாள். ஊட்டி பிடிக்காத பிள்ளை உண்டா? தோழிகளோடு ஒரே அறையில் படுக்க வேண்டும் என்ற பயம்தான் காரணம். மருத்துவரிடம் காட்டினார்கள். இதற்குப் படுக்கை அலாரம் உண்டு, மருந்தும் உண்டு. மலச்சிக்கலைச் சரிசெய்தாலே சிலருக்குக் குறையும். பலருக்கு வயது ஏற ஏறத் தானாகவும் நின்றுவிடும். ஆனால் சிகிச்சை பலிக்கும் வரை இரவுகள் கழிய வேண்டுமே! அதற்குத்தான் டயப்பர்.

பிள்ளைகளுக்குப் பேன்ட் வகையே ஏற்றது. இடுப்பளவு பார்த்துப் பெரியவர்களின் 'ஸ்மால்' சைஸைப் பாருங்கள். இவர்களுக்குப் பெரும்பாலும் முழுப் பையும் ஒரே நேரத்தில் காலியாகும். ஆகவே நான் முன்பு சொன்ன உறிஞ்சும் வேகமும், தடுப்பு மடிப்பும் இவர்களுக்குத்தான் மிக முக்கியம். நடக்கும்போது சரசரவென்று சத்தம் வராத, துணி போன்ற மேல்புறமாக இருக்கட்டும். தளர்வான இரவு உடைக்குள் வெளியே தெரியாது.

அதைவிட முக்கியம், அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அவர்கள் அலமாரியில் அவர்கள் கையால் வைத்துக்கொள்ளட்டும். கழற்றியதைச் சுற்றிப் போட மூடியுள்ள கூடை ஒன்றை அவர்கள் குளியலறையிலேயே வையுங்கள். தம்பி தங்கைகள் முன்னால் பேச வேண்டாம். அந்தப் பெண் மறு ஆண்டு சுற்றுலா போய்வந்தாள். தூங்கும் பைக்குள் இரண்டு பேன்ட் வைத்துக்கொண்டு போனாள். யாருக்கும் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. மாதக்கணக்கில் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைக்க ஆரம்பித்து, கூடவே தாகமும் எடை குறைவும் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்ச் சர்க்கரைச் சோதனை செய்யுங்கள்.

போடும் முறையும் தோல் பராமரிப்பும்

நல்ல டயப்பரும் தவறாகப் போட்டால் கசியும். பாக்கெட்டிலிருந்து எடுத்ததும் நீளவாக்கில் இரண்டாக மடித்து, லேசாக இழுத்துவிட்டுப் பிரியுங்கள். பக்கத் தடுப்பு மடிப்புகள் எழுந்து நிற்கும். போட்ட பிறகு அந்த மடிப்புகள் உள்ளே சுருண்டிருக்கிறதா என்று தொடை இடுக்கில் விரலால் தடவிப் பாருங்கள். டேப் வகையில் கீழ் டேப்பை முதலில் சற்று மேல்நோக்கியும், மேல் டேப்பை அடுத்துச் சற்றுக் கீழ்நோக்கியும் ஒட்டினால் தொடையோரம் இறுகும், வயிறு இறுகாது. ஆண்களுக்கு உறுப்பு கீழ்நோக்கி இருக்கும்படி போட வேண்டும். இல்லாவிட்டால் இடுப்புப் பட்டி வழியே வயிற்றுக்கு ஏறும். ஒருக்களித்துத் தூங்குபவருக்குப் பக்கவாட்டில் கசிவது வழக்கம். பூஸ்டர் பட்டையைக் கொஞ்சம் அந்தப் பக்கமாக நகர்த்தி வைக்கலாம்.

மாற்றும்போது ஈரத்துணியால் முன்னிருந்து பின்னாகத் துடைத்து, ஒற்றி உலர்த்தி, துத்தநாக ஆக்சைடு களிம்போ வாசலினோ மிக மெல்லியதாகத் தடவுங்கள். அப்பிவிட்டால் அது டயப்பரின் மேல் படிந்து உறிஞ்சும் துளைகளை அடைத்துவிடும். பவுடர் வேண்டாம், ஈரத்தில் கட்டியாகி உறுத்தும். மலம் போயிருந்தால் நேரம் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும். சிறுநீர் மட்டும் என்றால், டயப்பர் தாங்கும் அளவுக்குள் இருக்கும்வரை தூக்கத்தைக் கெடுத்து எழுப்ப வேண்டியதில்லை. பல ரகங்களில் ஈரமானால் நிறம் மாறும் கோடு இருக்கிறது, டார்ச் அடித்தே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவரைப் படுக்கைப் புண் வராமல் புரட்டிவிடுவது வேறு வேலை. எந்த டயப்பரும் அதைச் செய்யாது. தோல் சிவந்து, வெடித்து, அரிப்பு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஓர் இரவின் விலை

கடையில் நாம் ஒரு டயப்பரின் விலையைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது ஓர் இரவின் விலை. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு ரகம் 30 ரூபாய், பாதி இரவுதான் தாங்கும். இரண்டு வேண்டும், 60. நம்பிக்கை இல்லாமல் கீழே ஓர் அண்டர்பேட், 15. ஆக 75. இன்னொரு ரகம் 60 ரூபாய், விடியும்வரை தாங்கும். எது மலிவு? முதல் கணக்கில் இன்னும் மூன்று பற்றுகளை எழுதவில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்திருக்கும் மருமகளின் தூக்கம், துவைக்க வேண்டிய போர்வை, நனைந்து கிடந்தவரின் மன வேதனை. பகலில் அடிக்கடி மாற்ற வசதி இருக்கும்போது மலிவு ரகத்தைப் போட்டு, இரவுக்கு மட்டும் உயர்ந்த ரகத்தை வைத்துக்கொண்டால் மாதச் செலவு கட்டுக்குள் நிற்கும்.

இரண்டு பணச் செய்திகள். 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. அடுத்து, மருத்துவக் காப்பீட்டில் வழங்கப்படாத பொருட்களின் பட்டியலில் 'எந்த வகை டயப்பரும்' இருக்கிறது. மருத்துவமனை பில்லில் அந்தத் தொகை உங்கள் கையிலிருந்துதான் போகும், கூடுதல் பிரீமியம் கட்டி அத்தகைய பொருட்களுக்கும் காப்பீடு எடுத்திருந்தால் ஒழிய. மருத்துவமனையில் சேர்க்கும்போது வீட்டிலிருந்தே கொண்டுபோக அனுமதிப்பார்களா என்று கேளுங்கள்.

கழற்றியதை என்ன செய்வது?

இது நம் சங்கம் முழுவதற்குமான விஷயம். தயவுசெய்து யாரும் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அந்தத் துகள் குழாய்க்குள் ஊதிப் பெருத்து அடைத்துக்கொள்ளும். அடைப்பு எடுக்க வருபவர் எதில் கை வைப்பார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். மலத்தை மட்டும் கழிவறையில் தட்டிவிட்டு, டயப்பரை உள்பக்கமாகச் சுருட்டி, அதன் டேப்பாலேயே ஒட்டி, செய்தித்தாளில் சுற்றிக் கட்டுங்கள். சுகாதாரக் கழிவைப் பத்திரமாகச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. சமையலறைக் கழிவோடு கலக்கக் கூடாது. நம் வளாகத்தில் ஒவ்வொரு பிளாக்கிலும் இதற்கென மூடியுள்ள தனித் தொட்டி வைக்க வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். தொட்டி இருந்தால் இருட்டில் ஒளித்துக்கொண்டு போய்ப் போட வேண்டிய அவசியமும் இருக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

என் தாயார் படுக்கை நனையத் தொடங்கிய நாட்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. கோடைக்காலம். நாலாவது நாள் பேச்சு குழறி, நாளும் கிழமையும் தெரியாமல் ஆனார். உடலில் நீர் வற்றி, சிறுநீரில் தொற்றும் ஏற்பட்டிருந்தது. ஒரு வாரம் மருத்துவமனை வாசம். வீடு திரும்பிய பிறகு கேட்டேன், "ஏம்மா தண்ணி குடிக்கல?" என்று. "உனக்கு எதுக்குப்பா வேலை வைக்கணும்" என்றார்.

இப்படிச் சொல்லாமல் தண்ணீரை நிறுத்துபவர்கள் நம் வளாகத்திலும் இருப்பார்கள். இருட்டில் அவசரமாக எழுந்து, விளக்குப் போடாமல் குளியலறைக்குப் போய் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறதே, அதற்குப் பின்னாலும் பல நேரம் இந்தப் பயம்தான். பகலில் தாராளமாகக் குடித்து, படுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் மட்டும் குறைத்துக்கொண்டால் போதும். நீரின் அளவுக்கு மருத்துவர் வரம்பு விதித்தவர்கள் அதன்படி நடக்கட்டும். மாலைக்கு மேல் காபி, டீ வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. நடக்க முடிந்த ஒருவரிடம், "அதான் டயப்பர் போட்டிருக்கே, அதிலேயே போங்க" என்று எவரும் சொல்லக் கூடாது. வீட்டுக்கு வரும் உதவியாளரிடமும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர் கேட்டால் கழிவறைக்கு அழைத்துப் போக வேண்டும். கட்டிலுக்கருகில் யூரின் கேனோ கமோடு நாற்காலியோ வையுங்கள், சிறு விளக்கு எரியட்டும். உடம்பில் இருப்பது காப்பீடு மாதிரி. காப்பீடு எடுத்திருக்கிறோம் என்பதற்காக யாரும் வேண்டுமென்றே வண்டியை மோதுவதில்லை.

போட்டுக்கொள்ள வேண்டியவரிடம் முதலில் கேளுங்கள். உத்தரவாகச் சொல்லாதீர்கள். "இதைப் போட்டா ரெண்டு பேரும் நிம்மதியாத் தூங்கலாம்மா, ஒரு வாரம் பாத்துட்டு வேணாம்னா விட்டுடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். என் தாயார் அந்தச் சொல்லுக்குத்தான் சம்மதித்தார். முதல் இரவு நன்றாகத் தூங்கி எழுந்து, காலையில் அவரே ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

எடை குறிக்கும் அட்டவணை ஒன்றைத் தமிழில் தயாரித்து அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் பெயர் சொல்லாமலே எடுத்துக்கொள்ளலாம். தராசு இல்லாதவர்களுக்கு என்னுடையதைத் தருகிறேன். திருப்பித் தரும்போது காரணம் கேட்க மாட்டேன்.